மூன்றாவது மாடியிலிருந்து முதல் மாடிக்கு

ஜூன் 3, திங்கள்

காலை ஒன்பது மணிக்கு என் அறையை நானே திறந்தேன். ஒன்பது ஐந்துக்குப் பூட்டினேன். மறுபடி திறந்தேன். பூட்டு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான், வேறொன்றுமில்லை.

நாற்பத்தைந்து வயதில் எனக்கென்று ஓர் அறை! ஈரோட்டில், பேக்கரிக்கு மேலே முதல் மாடி. இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, டிஷ்யூ பெட்டி ஒன்று. படியேறும்போதே பன் வேகும் வாசனை மூக்கைப் பிடித்து இழுக்கிறது. மனக்கவலையோடு வருகிறவர்கள் பாதிப் படியில் பசியோடு திரும்பிவிடுவார்களோ என்று ஒரு பயம்.

இந்த நோட்டு ரெபேக்கா மேடத்தின் உத்தரவு. எங்கள் தொழிலில் ஆலோசகருக்கும் ஒரு மேற்பார்வையாளர் உண்டு. நாங்கள் செய்வது சரியா தப்பா என்று அவர்தான் சொல்வார். என்னுடையவர் கோயம்புத்தூரில் இருக்கிறார். வயது முப்பத்துமூன்று. நான் அவரை மேடம் என்கிறேன், அவர் என்னை அக்கா என்கிறார். “வர்றவங்க கதையை எழுதாதீங்கக்கா. வர்றவங்க முன்னாடி நீங்க எப்படி இருந்தீங்கன்னு எழுதுங்க. முக்கியமா, பொய் எழுதாதீங்க” என்றார்.

இன்று வந்தவர்கள்: யாருமில்லை. கீழே பேக்கரி வைத்திருக்கும் பழனியப்பன் மட்டும் வந்து, அடுப்புச் சூடு மேலே தெரிகிறதா என்று கேட்டுவிட்டுப் போனார். சாப்பிட்ட பப்ஸ்: இரண்டு. (பொய் எழுதக்கூடாது. மூன்று.)

மாலையில் பெயர்ப்பலகை வந்தது. ‘தெய்வானை எம்.எஸ்ஸி., மணநல ஆலோசகர்.’ மூன்று சுழி ண! என் கணவர் நாச்சிமுத்து அதை மாட்டி முடித்து, கீழே இறங்கி, இடுப்பில் கை வைத்து அழகு பார்த்த பிறகுதான் இருவருமே கவனித்தோம்.

ஜூன் 4, செவ்வாய்

முதல் ஆள் வந்தார்! கையில் மஞ்சள் தடவிய ஜாதகக் கட்டு.

“பையனுக்குப் பொண்ணு பாக்கோணுங்க. போர்டைப் பாத்துட்டு வந்தேன்” என்றார். ஓய்வுபெற்ற தபால்காரர். எழுத்துப் பிழை என்று சொன்னேன். “அப்ப இங்க என்னங்க பண்ணுவீங்க?” என்று கேட்டார். மனசில் இருப்பதைப் பேசலாம், நான் கேட்பேன் என்றேன். “அவ்வளவுதானுங்களா?” என்று எழுந்தவர், எழுந்தபடியே மனைவி போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது என்றார். உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் பேசினார். போகும்போது, “அந்த எழுத்தை மாத்தாதீங்க. மாத்தினா என்னை மாதிரி ஆளு எப்படி உள்ள வருவான்?” என்றார்.

படியில் அவர் தலை மறைந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே ஒரு சுற்றுச் சுற்றினேன். புடவை நாற்காலியில் மாட்டிக் கிழிந்தது. பரவாயில்லை.

ஜூன் 6, வியாழன்

பெயிண்டர் வந்து ன போட்டுவிட்டுப் போனார். மற்ற எழுத்துகளைவிட அது ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறது.

ஜூன் 10, திங்கள்

இன்று ஒரு பெண் வந்தார். பெயரை எழுத மாட்டேன். வானதி என்று வைத்துக்கொள்கிறேன். வயது முப்பத்தாறு. தனியார் பள்ளியில் வேலை. மூன்று மாதமாகத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, கை சில்லிடுகிறது, செத்துவிடுவோம் என்று தோன்றுகிறது. நான்கு தடவை ஈ.சி.ஜி. எடுத்தாகிவிட்டது. நான்கிலும் ஒன்றுமில்லை. இதய டாக்டரே இங்கே அனுப்பியிருக்கிறார்.

“மேடம், எனக்குப் பைத்தியங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்க. உங்க உடம்பு தீ பிடிச்சிருச்சுன்னு மணியடிக்குது. தீ எங்கயும் இல்லை. மணி மட்டும் நிக்க மாட்டேங்குது” என்றேன். நன்றாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

எங்கோ பார்த்த முகம். ஈரோடு சின்ன ஊர்தானே.

தரை துடைக்கும் மாப்பு வாங்க வேண்டும். பழையது தண்ணீரை உறிஞ்சாமல் ஊர் முழுக்கப் பரப்புகிறது.

ஜூன் 11, செவ்வாய்

மாப்பு வாங்கினேன்.

எங்கோ பார்த்த முகமில்லை. எங்கே பார்த்தேன் என்று நேற்றே தெரியும்.

இந்தப் படிப்புக்கு முன்னால் பதினான்கு வருஷம் ஜவுளிக்கடையில் இருந்தேன். மூன்றாவது மாடி, கல்யாணப் பட்டுப் பிரிவு. காலை பத்து முதல் இரவு ஒன்பது வரை நின்றபடியே புடவை விரிக்க வேண்டும். வருகிறவர்களிடம் இதைச் சொல்வதில்லை. சுவரில் சான்றிதழ் மாட்டியிருக்கிறது, அது போதும்.

அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. வாய் என்ன சொன்னாலும் நான் கையைத்தான் பார்ப்பேன். “அந்தப் பச்சையைக் காட்டுங்க” என்று கல்யாணப் பெண் சொல்லுவாள். விரல் மட்டும் ஓரத்தில் கிடக்கும் வெங்காயச் சருகு நிறப் புடவையைத் தடவிக்கொண்டிருக்கும். அதை மெல்ல எடுத்து மேலே போட்டால் போதும். இன்றைக்கும் எதிரே இருப்பவர் பேசும்போது கையைத்தான் பார்க்கிறேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கூட்டம் வந்தது. பதினோரு பேர். நடுவில் கல்யாணப் பெண். அரக்குப் பட்டு என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். தோளில் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் பார்த்த பெண்ணுக்குக் கண்ணில் நீர் கொட்டியது, சத்தமே இல்லாமல். ஒரு சொட்டு பட்டின் மேல் விழுந்தது. நான் என்ன செய்தேன்? என் முந்தானையால் அதை ஒற்றி எடுத்துவிட்டு, “அழாதே கண்ணு, கறையாயிரும்” என்றேன். மடித்து பில் போட அனுப்பினேன். ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை.

அடுத்த வருஷம் தபால் வழியில் உளவியல் சேர்ந்தேன். அதற்குக் காரணம் இதுவல்ல. கால் வலி.

அந்தப் பெண்தான் வானதி. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கடைக்கு வருகிறவர்கள் புடவையைப் பார்ப்பார்கள், பிரித்துப் போடுகிறவளை யார் பார்க்கிறார்கள்?

ஜூன் 17, திங்கள்

வானதி இரண்டாம் முறை. கணவர் காரில் கொண்டுவந்து விட்டார். விதைக்கடை வைத்திருக்கிறாராம். கண்ணாடி போட்டவர். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பேக்கரி வாசலில் நின்று பழனியப்பனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ரொம்பவே சிரிக்கிறார். வெளியே இவ்வளவு சிரிக்கிறவர்கள் வீட்டில் எப்படியோ!

“வீட்டுல உங்க பேச்சுக்கு மதிப்பு இருக்குங்களா?” என்று கேட்டேன்.

“இருக்குங்களே” என்றார்.

“யோசிச்சுச் சொல்லுங்க.”

யோசித்தார். இருக்கிறது என்றுதான் மறுபடியும் சொன்னார். கையைப் பார்த்தேன். கைப்பை வாரை முறுக்கிக்கொண்டிருந்தார். நான் நினைத்தது சரிதான்.

ஜூன் 19, புதன்

ரெபேக்கா மேடத்தோடு தொலைபேசியில் அரை மணி நேரம். நான் கேட்ட கேள்விகளையெல்லாம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

“அக்கா, அவங்க கணவரைப் பத்தி எத்தனை கேள்வி?”

“ஒம்பது.”

“படபடப்பு முதல்ல எப்ப வந்துச்சுன்னு கேட்டீங்களா?”

“அதுக்குத்தான் வந்துட்டிருக்கேன் மேடம்.”

“நீங்க ஏற்கெனவே ஒண்ணை எடுத்து வெச்சுட்டு, அதையே அவங்க தலையில கட்டப் பாக்கறீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. நான் புடவைக்கடையில் இருந்தது அவருக்குத் தெரியும். வானதியை அங்கே பார்த்தது தெரியாது. சொல்ல மறந்துவிட்டேன்.

ஜூன் 24, திங்கள்

இன்று நேரடியாகக் கேட்டுவிட்டேன். “உங்க கல்யாணம் உங்க இஷ்டத்தோடதான் நடந்துச்சுங்களா?”

வானதி என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தார். அதற்குள் உதடு வெளுத்தது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, “வருது மேடம், வருது” என்றார்.

அந்த நேரத்தில் மட்டும் நான் ஒழுங்காக இருந்தேன். அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். “வரட்டுங்க. உச்சிக்குப் போகும், அப்புறம் அதுவே இறங்கும். நான் இங்கயேதான் இருக்கேன். காலைத் தரையில ஊனிக்கங்க. கண்ணுக்கு என்னென்ன தெரியுதுன்னு சொல்லுங்க.”

“மேஜை... மின்விசிறி... சர்ட்டிபிகேட்டு... உங்க செருப்பு.”

“காதுல என்ன கேக்குது?”

“பஸ்ஸு.”

“மூக்குல?”

“தேங்காய் பன்” என்றார். சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஏழு நிமிஷத்தில் இறங்கிவிட்டது. ஆனால் அடுத்த வாரம் எப்போது என்று கேட்காமலே போய்விட்டார்.

ஜூலை 1, திங்கள்

வானதி வரவில்லை.

இட்லிக்கு ஆட்டினேன். தபால்காரர் வந்தார். இப்போதெல்லாம் ஜாதகக் கட்டு கொண்டுவருவதில்லை. செல்போனைப் பத்தொன்பது தடவை எடுத்துப் பார்த்தேன், சார்ஜ் இருக்கிறதா என்று.

“ஏம்புள்ள, மாவுல உப்புப் போட்டியா?” என்று நாச்சிமுத்து கேட்டார். இரண்டு தடவை போட்டிருக்கிறேன்.

ஜூலை 2, செவ்வாய்

ரெபேக்கா மேடத்திடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அரக்குப் பட்டு, கண்ணீர், முந்தானை, எல்லாம். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“பன்னண்டு வருஷமா அந்தப் பொண்ணைச் சுமந்துட்டிருக்கீங்கக்கா. இப்ப அவங்க நேர்லயே வந்துட்டாங்க. நீங்க சுமந்துட்டிருந்த பொண்ணுக்கு வைத்தியம் பாக்கறீங்க, எதிர்ல உக்காந்திருக்கறவங்களுக்கு இல்லை.”

“இப்ப என்ன பண்றது மேடம்?”

“தெரிஞ்ச முகம்னு முதல் நாளே எங்கிட்டச் சொல்லியிருக்கணும். போகட்டும். கூப்பிட்டு மன்னிப்புக் கேளுங்க. வந்தாங்கன்னா உண்மையைச் சொல்லிடுங்க. உங்ககூடத் தொடரணுமா, வேற ஆள்கிட்டப் போகணுமா, அவங்க முடிவு பண்ணட்டும்.”

கூப்பிட்டேன். போன வாரம் என் கேள்வி தப்பு என்றேன். “திங்கக்கிழமை வர்றேங்க” என்றார். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

இது என் கடைசித் திங்கட்கிழமையாகவும் இருக்கலாம். அறை வாடகைக்கு என்று மறுபடி பலகை எழுத வேண்டி வந்தால், எழுத்தெல்லாம் சரியாக வருகிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜூலை 8, திங்கள்

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

வானதி வந்து உட்கார்ந்தார். அவர் வாய் திறப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். “இந்தத் தொழிலுக்கு முன்னாடி நான் ஜவுளிக்கடையில பட்டுப் பிரிவுல இருந்தேனுங்க. உங்க கல்யாணப் பட்டை விரிச்சுக் காட்டினது நான்தான். நீங்க அன்னிக்கு அழுதீங்க. நான் ஏன்னு கேக்காம மடிச்சுக் குடுத்துட்டேன். உங்க கல்யாணம் பிடிக்காத கல்யாணம்னு நானா முடிவு பண்ணி, அதை மனசுல வெச்சே உங்களைக் கேள்வி கேட்டுட்டேன். தப்புங்க.”

வானதி என் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாக, “கறையாயிரும்னு சொன்னீங்களே, அது நீங்களா?” என்றார்.

“நான்தாங்க.”

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று டிஷ்யூ பெட்டியை நீட்டினேன். அழவில்லை. சிரிக்கிறார்! பெரிய, வெடித்த சிரிப்பு.

“அய்யோ மேடம்! அது நாங்களா தேடிக்கிட்ட கல்யாணமுங்க. நாலு வருஷம் சண்டை. எங்கப்பாரு அவரோட பேரைக்கூட வாயில சொல்ல மாட்டாரு. ‘அவன்’, ‘அந்த விதைக்கடைக்காரன்’, அவ்வளவுதான். அன்னிக்குக் கடையில, நீங்க அந்தப் புடவையைத் தோள்ல போட்டீங்களே, அப்பத்தான் பின்னாடி நின்னுட்டு, ‘மாப்பிள்ளைக்கும் நல்ல பட்டு வேட்டியா ஒண்ணு பாருங்க’ன்னாரு. மாப்பிள்ளைன்னு மொத மொதல்ல! அதைக் கேட்டுத்தானுங்க அழுதேன். சந்தோஷத்துல!”

நான் என் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு வருஷம்! எத்தனை சாமிக்கு வேண்டியிருப்பேன் அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும் என்று! அவள் நன்றாகத்தான் இருந்திருக்கிறாள். கையைப் பார்த்தே மனசைப் படிப்பவள் என்று எனக்கு எத்தனை நினைப்பு! முதலில் ஒரு மூச்சு வந்தது, பிறகு எனக்கும் சிரிப்பு பிய்த்துக்கொண்டது. ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் ஆரம்பித்தோம். பழனியப்பன் பாதிப் படி ஏறி வந்து, “ஏனுங்க, ஏதாவது பிரச்சினைங்களா?” என்று குரல் கொடுத்தார்.

என்னோடு தொடர வேண்டாம் என்றால் கோயம்புத்தூரில் நல்லவர் இருக்கிறார் என்று சொன்னேன். வானதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீங்க உங்களுதைச் சொல்லிட்டீங்க. நானும் ஒண்ணு மறைச்சு வெச்சிருக்கேனுங்க” என்றார்.

மார்ச் மாதம் அவரைப் பள்ளிக்குத் தலைமையாசிரியை ஆக்கினார்கள். முதல் நாள் காலை வழிபாட்டில், அறுநூறு பிள்ளைகள் முன்னால் மைக்கைப் பிடித்து உறுதிமொழி சொல்லும்போது பாதியில் மறந்துவிட்டது. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அப்போது ஆரம்பித்த படபடப்பு. அதற்குப் பிறகு மைக் பக்கமே போகவில்லை. தொண்டை சரியில்லை என்று உதவித் தலைமையாசிரியரிடம் தள்ளிவிடுகிறார். கணவருக்கும் தெரியாது. அவர் ஊர் முழுக்க, “என் வீட்டுக்காரி எச்.எம்.” என்று சொல்லிப் பூரித்துப்போயிருக்கிறார், எப்படிச் சொல்வது? இப்போது ஆகஸ்ட் பதினைந்து வருகிறது. கொடியேற்றி அவரேதான் பேச வேண்டும். முடியாவிட்டால் பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடப் போகிறாராம். கடிதம் கைப்பையில் தயாராக இருக்கிறது.

முறுக்கிய கைப்பை வார்! நான் கையைச் சரியாகத்தான் பார்த்தேன். காரணத்தைத்தான் நானே நெய்துகொண்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

கையைப் பார். ஆனால் வாயைத் திறந்து கேள். இதை ஒரு தாளில் எழுதி மேஜை இழுப்பறையில் ஒட்டினேன். எதிரே இருப்பவருக்குத் தெரியாத பக்கத்தில்.

ஜூலை 15, திங்கள்

திட்டம் போட்டோம், படிப்படியாக. முதல் படி என் முன்னால் நின்று இரண்டு நிமிஷம் பேசுவது. படபடப்பு வரக்கூடாது என்று காவல் காக்க வேண்டாம், வந்தால் அதையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே பேசலாம் என்றேன்.

“வந்துச்சுன்னா எல்லாருக்கும் தெரிஞ்சுருமேங்க?”

“தெரிஞ்சா?”

அவர் பதில் சொல்லவில்லை. நானும் நிரப்பவில்லை. கடையில் இருந்தபோது ஒரு நொடி சும்மா இருந்தால் மேலாளர் முறைப்பார். இங்கே சும்மா இருப்பதும் வேலை! மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் வானதி, “தெரிஞ்சா... தெரிஞ்சுட்டுப் போகுது” என்று இழுத்தார். அதை நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் சொல்லிப் பார்த்தார்.

ஜூலை 22, திங்கள்

வானதி கணவரிடம் சொல்லிவிட்டார்! அந்த மனுஷன் “நான் ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சது உனக்குப் பாரமாப் போச்சா?” என்று கேட்டாராம். மறுநாள் கடையைச் சாத்திய பிறகு விதைப் பொட்டலங்களை வரிசை வரிசையாக நிறுத்திவைத்து, “வெண்டை எல்லாம் ஆறாவது, பூசணி எல்லாம் பத்தாவது. பேசு” என்றாராம். வானதி பேசியிருக்கிறார். பூசணி வரிசையில் ஒன்று சாய்ந்து விழ, “எந்திரிச்சு நில்லு!” என்று அதட்டியும் இருக்கிறார்.

அந்த மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டேனே. ஜன்னல் வழியாகப் பார்த்து மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். அவர் பேக்கரி வாசலில் க்ரீம் பன்னோடு போராடிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் படி பேக்கரி. அது வானதியே சொன்ன யோசனை. கூட்டம் இருக்கும் நேரத்தில், எல்லோருக்கும் கேட்கிற குரலில், “பழனியப்பண்ணா, நாலு பப்ஸ், ரெண்டு தேங்காய் பன், சூடா இருக்கோணும்!” என்று சொல்ல வேண்டும். சொன்னார். படியில் நின்று கேட்டேன். கடையே திரும்பியது. பழனியப்பன் பயந்துபோய் ஆறு பப்ஸ் கட்டிவிட்டார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

நேற்றுப் பள்ளியில் யாரும் இல்லாதபோது மேடையில் மைக் போட்டுப் பேசிப் பார்த்தாராம். படபடப்பு வந்ததாம். அது இறங்குவதற்குள் பேச்சு முடிந்துவிட்டதாம். “அதைப் பாதியில விட்டுட்டு நான் வந்துட்டேனுங்க!” என்றார். நாங்கள் இருவரும் எழுந்து நின்றுவிட்டோம். ஏன் எழுந்தோம் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

“வியாழக்கிழமை நீங்க வரோணுங்க மேடம்.”

“வர மாட்டேனுங்க. நான் அங்க இருந்தா உங்க கண்ணு என்னைத் தேடும். உங்க பிள்ளைகளைப் பாருங்க.”

கொஞ்சம் முகம் வாடியது. சரி என்றார். ரெபேக்கா மேடமும் நான் செய்தது சரி என்றார். ஆகவே நான் போகப் போவதில்லை. முடிந்தது.

ஆகஸ்ட் 15, வியாழன்

காலை எட்டு மணிக்குத் தக்காளி வாங்கப் புறப்பட்டேன். வழக்கமாக வாங்கும் கடை விடுமுறை. (பார்க்கவில்லை. விடுமுறையாகத்தான் இருக்கும்.) வேறு கடைக்குப் போகும் வழியில் அந்தப் பள்ளியின் சுற்றுச்சுவர் வந்தது. சுவர் உயரம். உள்ளே ஒன்றும் தெரியாது. ஒலிபெருக்கி மட்டும் கேட்கும். வேப்பமர நிழல் இருந்தது, நின்றேன்.

கொடியேற்றுகிறார்கள் என்று அறிவித்தார்கள். அமைதி. அமைதி நீண்டது. கொடியின் முடிச்சு அவிழவில்லை போலிருக்கிறது. பிள்ளைகள் மத்தியில் சலசலப்பு, பிறகு சிரிப்பு. அறுநூறு பேர் சிரிப்பு. நான் சுவரில் கை வைத்துக்கொண்டேன். போச்சு, போச்சு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. எனக்குத்தான். கால்களைத் தரையில் ஊன்றிக்கொண்டேன்.

ஒலிபெருக்கி கரகரத்தது. வானதியின் குரல்.

“முடிச்சை அவுக்க வாட்ச்மேன் அண்ணன் ஏணி எடுத்துட்டு வர்றாரு. அதுவரைக்கும் நான் பேசறேன்.” நிறுத்தினார். மூச்சு வாங்குவது மைக்கில் கேட்டது. “மார்ச் மாசம் இங்க நின்னு உறுதிமொழியைப் பாதியில மறந்துட்டேன். ஞாபகம் இருக்கா? அன்னிலேர்ந்து மைக்கைப் பாத்தா எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது. இப்பவும் அடிக்குது. நல்லாவே அடிக்குது. ஒரு நிமிஷம் குடுங்க.”

அறுநூறு பிள்ளைகளும் கொடுத்தார்கள். முழுசாக ஒரு நிமிஷம். ஒரு இருமல் சத்தம்கூட இல்லை.

“ம், ஆச்சு” என்றார். பிறகு பேசினார். பன்னிரண்டு நிமிஷம்! நடுவில் முடிச்சு அவிழ்ந்திருக்க வேண்டும், பெரிய ஆரவாரம் எழுந்தது. அவரும் பேச்சை நிறுத்திச் சிரித்தார். என் அறையில் சிரித்த அதே சிரிப்பு, தெரு முழுக்க. எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்ட ஒரு அம்மா எட்டிப் பார்த்துத் தானும் சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும்?

பள்ளிக் கதவருகே நின்ற ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு வந்தார். “ஏனுங்கம்மா, உங்க பொண்ணு இங்க படிக்குதுங்களா? உள்ள போங்களேன், மிட்டாய் குடுக்கறாங்க.”

“இல்லீங்க, தக்காளி வாங்க வந்தேன்” என்றேன்.

அவர் என் கையில் இருந்த காலிப் பையைப் பார்த்தார். என் கன்னத்தைப் பார்த்தார். பக்கத்தில் எங்கேயும் காய்கறிக் கடை இல்லாத அந்தத் தெருவை இரண்டு பக்கமும் ஒரு முறை பார்த்தார். “சரிங்க, வாங்குங்க” என்று போய்விட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது வேகமாக நடந்தேனா ஓடினேனா என்று சொல்லத் தெரியவில்லை. தக்காளி இல்லை. தேங்காய் அரைத்துவிட்டு மோர்க்குழம்பு வைத்தேன். நாச்சிமுத்து இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, “என்ன புள்ள, இன்னிக்கு இவ்வளவு சந்தோஷம்?” என்றார்.

யாரைப் பற்றியும் சொல்லக் கூடாதே! “முடிச்சு அவுந்திருச்சுங்க” என்றேன்.

“எந்த முடிச்சு?”

“கொடி முடிச்சு.”

அவர் மறுபடியும் தட்டை நீட்டினார்.